மறு: ஜப்பானின் ‘பழுத்த பழக் கொள்கை’: ‘உதிர்கனி’ சரியாக வருமா?

அன்பின் நண்பர்களுக்கு,

இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானைப் பற்றிய நம் வரைவுக்கு, ‘பழுத்த பழக் கொள்கை’ போன்ற ஜப்பானியச் சொற்களைத் தமிழில் எப்படி எழுதலாம் என்று இந்த இழையில் பேசிக்கொண்டிருக்கிறோம். அதில் வந்த ஒரு யோசனை:

> ‘கனிவுக் கொள்கை’ என்று போட்டுவிடலாமே, சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான், ஆனால் இன்றைய தமிழில் கனிவு என்றால் பரிவு. ‘1941இல் ஜப்பான் ராணுவம் சோவியத் நாட்டிடம் கனிவுக் கொள்கையைக் கடைப்பிடித்தது’ என்று எழுதினால், படிக்கிறவர் அன்பாக நடந்துகொண்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். நடந்ததோ அதற்கு நேர்மாறு. எதிரி ஜெர்மனியிடம் அடிபட்டுத் தளரட்டும், அப்புறம் போய் சைபீரியாவை எடுத்துக்கொள்வோம் என்று காத்திருந்த கதை அது.

ஜப்பானிய மொழியில் அதை ஜுகுஷி ஷுகி என்கிறார்கள். ஷுகி என்றால் கொள்கை. ஜுகுஷி என்றால் நன்றாகப் பழுத்த காக்கிப் பழம், நம் ஊர்ச் சந்தையில் இப்போது பெர்சிமன் என்று விற்கிறார்களே அதுதான். நம்முடைய பனிச்சை மரமும் இதே இனம். பழுக்காத பனிச்சையைக் கடித்தவர்களுக்குத் தெரியும், துவர்ப்பில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஜப்பானில் துவர்ப்பு வகைக் காக்கியும் அப்படித்தான், கூழாகக் குழையும்வரை வாயில் வைக்க முடியாது. அதனால்தான் அந்த உவமை அங்கே அவ்வளவு இயல்பாக வந்து உட்கார்ந்தது. காத்திருந்தால் தானே விழும், அவசரப்பட்டால் வாய் கெடும்.

1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் நாட்டுக்குள் புகுந்ததும் டோக்கியோவில் இது உயிர்ப்பான விவாதமாகிவிட்டது. வெளியுறவு அமைச்சர் மட்சுவோகா, ஏப்ரல் 13 அன்று மாஸ்கோவில் நடுநிலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர், இரண்டரை மாதம்கூட ஆகாமல் ‘உடனே வடக்கே அடிப்போம்’ என்று நின்றார். படைத் தலைமையகத்தில் நடவடிக்கைப் பிரிவுத் தலைவர் தனாகா ஷினிச்சியும் அந்தப் பக்கம்தான்: காயாக இருந்தாலும் மரத்தை உலுக்கிப் பறிப்போம். போர் அமைச்சகமோ, சீனாவில் ஏற்கெனவே லட்சக்கணக்கான வீரர்கள் மாட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொரு போரா என்று தயங்கியது. இரண்டு வருடத்துக்கு முன்புதான் மங்கோலிய எல்லையில் சோவியத் தளபதி ஜுக்கோவின் டாங்கிகள் ஜப்பானின் 23ஆம் டிவிஷனை வளைத்து நொறுக்கியிருந்தன, அதை யாரும் மறந்திருக்க முடியாது.

ஆகவே இங்கே இரண்டு சொல் வேண்டும், ஒன்று போதாது. என் பரிந்துரை, காத்திருப்பதற்கு உதிர்கனிக் கொள்கை, உலுக்கிப் பறிப்பதற்குப் பறிகாய்க் கொள்கை. இரண்டும் வினைத்தொகை. உதிர்ந்த கனி, உதிர்கிற கனி, உதிரும் கனி, மூன்று காலமும் அதற்குள் இருக்கிறது. இந்த விஷயத்துக்கு அது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள், ஏனென்றால் அந்தக் கோடையில் டோக்கியோவில் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே கனி உதிர்ந்துவிட்டதா, உதிர்ந்துகொண்டிருக்கிறதா, இனிமேல்தான் உதிருமா என்பதுதான். ‘கனிகாத்தல்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார், நல்ல முயற்சி, ஆனால் காத்தல் என்றதும் தோட்டக் காவல்தான் நினைவுக்கு வருகிறது.

சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று சோதிக்க இதை எழுதிப் பார்த்தேன்:

‘ஜூலை 2 அன்று பேரரசர் முன்னிலையில் கூடிய மாநாடு உதிர்கனிக் கொள்கையையே ஏற்றது. இப்போதைக்குப் போரில் இறங்குவதில்லை, ரகசியமாகத் தயாராவது, நிலைமை சாதகமானால் தாக்குவது. ஜப்பானின் பிடியில் இருந்த மஞ்சூரியாவில் (சீனாவின் வடகிழக்கு) அதன் படைபலம் ஏறக்குறைய 7 லட்சமாக உயர்ந்தது. தூரக்கிழக்கில் சோவியத் டிவிஷன்கள் பாதியாகவும், விமானங்களும் டாங்கிகளும் மூன்றில் ஒரு பங்காகவும் குறைந்தால்தான் கனி பழுத்ததாகக் கணக்கு. ஸ்டாலின் அந்த அளவுக்குப் படையை மேற்கே நகர்த்தவில்லை. சைபீரியக் குளிர் தொடங்குவதற்குள் போரை முடிக்க வேண்டியிருந்ததால் காத்திருக்கவும் நாள் இல்லை. இதற்கிடையில் தெற்கு இந்தோசீனாவில் படை இறக்கியதற்கு அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. ஆகஸ்ட் 9 அன்று, அந்த ஆண்டு வடக்கே தாக்குவதில்லை என்று படைத் தலைமையகம் முடிவெடுத்தது.’

எனக்கு இடறவில்லை. (சரியாக நான்கு வருடம் கழித்து, 1945இல், அதே ஆகஸ்ட் 9 அன்றுதான் சோவியத் படை மஞ்சூரியாவுக்குள் நுழைந்தது. இதைத் தட்டச்சு செய்யும்போது கை ஒரு நிமிடம் நின்றுவிட்டது.)

அடுத்து ஹொகுஷின்-ரோன், நன்ஷின்-ரோன், அதாவது வடக்கே போக வேண்டும் என்ற வாதமும் தெற்கே போக வேண்டும் என்ற வாதமும். ‘வடக்குத் தாக்குதல் திட்டம்’ என்று இழையில் வந்ததை நான் ஏற்க மாட்டேன். ரோன் என்பது திட்டம் அல்ல, வாதம். ராணுவம் பெரும்பாலும் வடக்கே பார்த்தது, கடற்படை எண்ணெய்க்காகத் தெற்கே பார்த்தது, இரண்டும் பல வருடம் முட்டிக்கொண்டே இருந்தன. அதைத் திட்டம் என்றால் எல்லாம் ஒரே மூளையில் முன்கூட்டியே முடிவானது போல ஆகிவிடும், வரலாற்றையே தப்பாகச் சொன்ன மாதிரி. படை நடத்திப் போவதற்கு மேற்செலவு என்ற நல்ல பழஞ்சொல் இருக்கிறது, ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் முன்னால் ‘வட’ சேர்த்தால் வடமேற்செலவு, கண் உடனே வடமேற்குக்குப் போய்விடும். வடநகர்வு பரவாயில்லை, அதன் இணை தென்னகர்வைப் படித்தால் ஏதோ நகரம் போல் தெரிகிறது. எனவே வடமுக வாதம், தென்முக வாதம். எளிமை, யாருக்கும் விளக்க வேண்டாம்.

மேலே சொன்ன 1939 மங்கோலிய எல்லைச் சண்டைக்கு ஜப்பானியர் வைத்த பெயர் நொமொன்ஹான் ஜிகென், அதாவது ‘சம்பவம்’. நான்கு மாதம் டாங்கியும் விமானமுமாக நடந்து, இரு பக்கமும் ஆயிரக்கணக்கில் செத்ததைச் சம்பவம் என்று நாமும் எழுதக் கூடாது. ஜப்பானிய ஆவணத்தை மேற்கோள் காட்டும்போது மட்டும் சம்பவம், நம் குரலில் போர். இன்னொன்று, அந்தச் சண்டை நடந்த ஆற்றின் பெயர் ‘ஹல்ஹின் கோல் ஆறு’ என்று வரைவில் இருக்கிறது. கோல் என்றாலே மங்கோலிய மொழியில் ஆறுதான், ஹல்ஹா ஆறு என்று மாற்றிவிடுங்கள்.

மீதி இருப்பது கன்தோகுஎன். 1941இல் மஞ்சூரியாவில் நடந்த அந்தப் படைக்குவிப்பை ‘குவான்துங் படையின் (மஞ்சூரியாவில் இருந்த ஜப்பானியப் படை) சிறப்புப் பயிற்சி’ என்று பெயரிட்டு மறைத்தார்கள். ‘சிறப்புப் பயிற்சி’ என்று மேற்கோள் குறியோடு விடலாமா, இல்லை ‘பயிற்சிப் போர்வையில் படைத்திரட்டல்’ என்று உடைத்தே எழுதலாமா? எனக்கு இரண்டாவதில்தான் மனம் போகிறது, நீளம் மட்டும் உறுத்துகிறது. வெள்ளிக்குள் சொன்னால் வரைவில் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்