சவர் கேஸ் குழாயில் படிக்கட்டு விரிசலா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. சவர் கேஸ் (ஹைட்ரஜன் சல்பைடு கலந்த இயற்கை எரிவாயு) போகும் 12 அங்குல கார்பன் ஸ்டீல் குழாய் ஒன்றைச் சோதித்து வருகிறேன். அல்ட்ராசோனிக்கில் சுவரின் நடுத்தடிமனில் சிக்னல் வருகிறது. புரோபைக் கொஞ்சம் நகர்த்தினால் ஆழம் சட்டென்று ஒரு படி மாறுகிறது. வெறும் லேமினேஷன் (ஸ்டீல் தயாரிப்பிலேயே வந்த அடுக்குப் பிரிவு) என்றால் ஒரே ஆழத்தில் தட்டையாகத்தானே இருக்கும்? ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, ஸ்டீலில் மாசாக இருக்கும் மாங்கனீஸ் சல்பைடு இழைகளில் தேங்கி, படிப்படியாகப் பிளந்திருக்குமோ என்று சந்தேகம்.

அதைவிடப் பயம் வெல்டில். அதே லைனில் வெட்டி எடுத்த துண்டில், உட்புற வேரை ஒட்டி வெப்பம் தாக்கிய பகுதியில் கடினத்தன்மை 265 விக்கர்ஸ். சவர் கேஸ் லைன்களுக்கான ஐஎஸ்ஓ 15156 தரநிலை அங்கே விடுவது 250தான்; அதைவிடக் கடினமானால் சல்பைடு விரிசல் வரும் ஆபத்து. கஜகஸ்தானின் கஷகான் எண்ணெய் வயலில் 2013இல் உற்பத்தி தொடங்கிய சில வாரங்களிலேயே சல்பைடு விரிசலால் குழாய் கசிந்தது. குழாய்களை மாற்றி 2016இல்தான் மறுபடி ஓடியது. அது மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

ஃபேஸ்டு அரே, டோஃப்ட் என்ற இரண்டு அல்ட்ராசோனிக் முறைகளில் படிகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதை எது தெளிவாகக் காட்டியது? ஏபிஐ 579 கணக்கு (குறையோடு தொடர்ந்து ஓட்டலாமா என்று பார்ப்பது) போட்டு இப்படிப்பட்ட லைனைத் தொடர்ந்து ஓட்டியவர்கள் உண்டா? அப்புறம், மறுசோதனைக்கு எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்? அடுத்த வாரம் அறிக்கை தர வேண்டும். பக்கத்திலேயே ஆட்கள் வேலை செய்கிறார்கள்.