உள்காதில் நீர் கூடினால் தண்ணீர் குடிப்பதைக் குறைக்க வேண்டுமா?

கேள்வி – தென்காசிப் பொண்ணு

அம்மாவுக்கு 58 வயது. போன மாதம் மாவு ஆட்டிக்கொண்டிருந்தவர் வீடே சுற்றுகிறது என்று கிரைண்டரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். இடது காதில் ஓயாத இரைச்சல். போன் வந்தால் வலது காதில்தான் வைக்கிறார். மெனியர் நோய், உள்காதில் நீர் கூடியிருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்றார் டாக்டர். அதைக் கேட்டதிலிருந்து அம்மா நாளைக்கு மூன்று டம்ளருக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. இது சரியா? அக்வாபோரின் என்று ஒரு புரதத்தைப் பற்றிப் படித்தேன், அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில் – உடலியங்கியல் வாத்தியார்

முதலில் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுங்கள், அப்புறம் மீதியைப் படியுங்கள்.

அக்வாபோரின் என்பது செல்லின் சவ்வில் இருக்கும் நீர்வாசல். தண்ணீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் இதற்குள் நுழைந்து போகும். இதைக் கண்டுபிடித்ததற்காக பீட்டர் அக்ரிக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வாசல் தானாகத் தண்ணீரை இறைக்காது. உப்பு எந்தப் பக்கம் மிகுதியோ, அந்தப் பக்கம் தண்ணீர் போகும்.

உள்காதில் நத்தைக் கூடு போலச் சுருண்ட காக்ளியாவின் நடுக்குழாயில் இருப்பது எண்டோலிம்ப் என்ற நீர். மெனியர் நோயில் கூடுவது இதுதான். உடம்பில் செல்லுக்கு வெளியே இருக்கும் மற்ற நீரிலெல்லாம் சோடியம் மிகுதி. இதில் மட்டும் பொட்டாசியம், லிட்டருக்குச் சுமார் 150 மில்லிமோல். ஒலி வந்து, அதை உணரும் மயிர்ச்செல்லின் நுனி வளைந்ததும் பொட்டாசியம் உள்ளே பாயும், அடிப்பக்கமாக வெளியேறும். பக்கத்துத் தாங்குசெல்கள் அதை வாங்கிக்கொள்ளும்போது தண்ணீரும் கூடவே நகர வேண்டும். அதற்கான வாசல் அக்வாபோரின் 4 என்ற வகை. இந்தப் புரதமே இல்லாத எலிகளுக்குக் காது கேட்பது குறைந்துபோனதை 2001இல் காட்டினார்கள். காக்ளியாவை நுண்ணோக்கியில் பார்த்தால் கோளாறு எதுவும் தெரியவில்லை! வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இன்னும் சிலிர்க்கும்.

பதில் – காதுகாரர்

எனக்கு ஆறு வருஷமாக இதே நோய். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் நிறுத்தினேன். சாப்பாட்டில் போடுவதைவிட இவற்றில்தான் உப்பு ஒளிந்திருக்கிறது. தண்ணீரைக் குறைக்கும்படி என் டாக்டர் ஒருநாளும் சொன்னதில்லை.

தென்காசிப் பொண்ணு

சார், நீர் கூடியிருக்கும்போது தண்ணீர் குடித்தால் இன்னும் கூடாதா?

உடலியங்கியல் வாத்தியார்

அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். குடித்த தண்ணீர் நேரே காதுக்குப் போவதில்லை. தாகத்தில் விட்டால் மூளையிலிருந்து வாசோபிரசின் என்ற ஹார்மோன் சுரக்கும்; அது சிறுநீரகத்தில் அக்வாபோரின் 2 வாசல்களைக் கூட்டி நீரைப் பிடித்துவைக்கும். அதே அக்வாபோரின் 2 உள்காதின் எண்டோலிம்ப் பையிலும் இருக்கிறது. கினிப் பன்றிகளுக்கு வாசோபிரசினைத் தொடர்ந்து கொடுத்தபோது எண்டோலிம்ப் கூடி உள்காது வீங்கியது. அதனால்தான் தாகத்தோடு இருக்கவேண்டாம் என்கிறேன். இதயம், சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

தென்காசிப் பொண்ணு

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வலது காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு, சொம்பை எடுத்துக் குடித்தார்.