குடிப்பவரிடம் முதல் பேச்சு என்னவாக இருக்க வேண்டும்?

கேள்வி
நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, எங்கள் தெருக்களில் குடியிலும் போதையிலும் சிக்கியவர்களைப் போய்ப் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். போன வாரம்தான் முதல் சுற்று. ஒருவர் நாங்கள் கொடுத்த துண்டறிக்கையை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த நாற்காலியின் காலுக்கு அடியில் வைத்துவிட்டார். இன்னொரு வீட்டு அம்மா, "எங்க வீட்டுல அப்படி யாரும் இல்லையே" என்று கதவைச் சாத்தினார். என்னதான் பேசுவது?

பதில் 1
நான் நிறுத்திப் 11 வருடம் ஆகிறது. அந்த அம்மா சொன்ன பொய்யை என் அம்மாவும் சொல்லியிருக்கிறார். கும்பலாக வாசலில் நின்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். தனியாகப் போங்கள்.

என்னிடம் வந்தவர் குடியைப் பற்றிப் பேசவே இல்லை. என் காலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. வாராவாரம் வந்து கட்டு மாற்றிவிட்டு, "வலி எப்படி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார். ஐந்தாவது வாரம் நான்தான் வாயைத் திறந்தேன். சிகிச்சைக்குப் போகும் அன்றைக்கும் அவர்தான் கூட வந்தார்.

ஒன்று மட்டும் வேண்டாம்: "இன்றோடு நிறுத்து" என்று சத்தியம் வாங்காதீர்கள். வருடக்கணக்கில் தினமும் அதிகம் குடித்த உடம்பு, நிறுத்திய சில மணி நேரத்திலேயே நடுங்கத் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு மனக்குழப்பம் வந்து, இல்லாதது கண்ணில் தெரியும், உயிரே போகலாம். எனக்கும் இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. வீட்டார் என்னைத் திருத்துவதாக நினைத்து அறையில் பூட்டியிருந்தார்கள். முதலில் டாக்டர், அப்புறம்தான் சத்தியமெல்லாம்.

பதில் 2
அண்ணன் சொன்னது சரி. ஹெராயின் மாதிரி ஓபியாய்டு (அபின் வகைப் போதை) பழக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்து வேறு மாதிரி. சில வாரம் விட்டிருந்தால் தாங்கும் சக்தி குறைந்துவிடும். திரும்பத் தொடும்போது பழைய அளவே உயிரைக் குடிக்கும். அதனால் சிகிச்சை முடிந்து வந்தவர்களைத்தான் அடிக்கடி போய்ப் பாருங்கள். நலோக்சோன் என்ற மாற்று மருந்து கிடைத்தால் கையில் வைத்திருங்கள். ஓபியாய்டு அளவு மிஞ்சி மூச்சு திணறுபவரைச் சில நிமிடத்தில் மீட்கும். ஆனால் அதன் வேகம் சீக்கிரம் தணிந்துவிடும் என்பதால், எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

கேட்டவர்
நன்றி. சில வீடுகளில் ஆள் வரமாட்டேன் என்கிறார், மனைவிதான் தேடி வந்து அழுகிறார்.

பதில் 1
அவரோடு பேசுங்கள், அதுவும் வேலைதான். குடிப்பவர்களின் குடும்பத்துக்கென்றே ஆல்-அனான் என்ற ஆதரவுக் குழு 1951இல் தொடங்கியது. கணவர் வராவிட்டாலும் அவர் போகலாம். என் மனைவி எனக்கு ஒரு வருடம் முன்பே இப்படி ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டாள்; பாத்திரம் தேய்க்கப் போவதாகத்தான் நான் நினைத்திருந்தேன்.

கேட்டவர்
நேற்று நாற்காலிக்காரரிடம் தனியாக, வெறுங்கையோடு போனேன். "பேப்பர் கொண்டு வரலையா? இன்னொரு காலும் ஆடுதே" என்றார். அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தேன். வியாழக்கிழமை ஆணியும் சுத்தியலும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.