புதுப்பிப்பு: புளிச் சக்கையும் குத்துவிளக்கும்

ரசத்துக்குக் கரைச்ச புளியோட சக்கையை வீசாம, அதுல குத்துவிளக்கு தேய்ச்சதைப் பத்திப் போன வாரம் எழுதியிருந்தேன். "மூணே நாள்ல மறுபடி மங்கிடுதே"ன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. எங்க வீட்டு விளக்கும் அப்படித்தான் ஆச்சு.

தப்பு புளி மேல இல்லை. அதுல இருக்கிற டார்டாரிக் அமிலம் கறையைக் கரைச்சிடுது, ஒரு சிட்டிகை கல்லுப்பு சேர்த்தா இன்னும் வேகம். ஆனா நான் சும்மா அலசிட்டுக் கவிழ்த்து வெச்சிட்டேன். திரி போடுற அஞ்சு முகத்துலயும் புளிப்பு தங்கி, பச்சையாக் களிம்பு கட்டியிருந்தது.

இந்தத் தடவை பழைய டூத்பிரஷ்ஷால அந்த இடுக்கெல்லாம் தேய்ச்சு, நல்லாக் கழுவி, ஈரமில்லாம துடைச்சேன். கடைசியா விபூதி தொட்டு ஒரு துடை. ஆறு நாள் ஆச்சு, பளிச்சுனு நிக்குது! அம்மாச்சி கொடுத்த விளக்கு, பார்க்கப் பார்க்க மனசு நிறையுது.

புளியை ரொம்ப நேரம் ஊற விடாதீங்க. துத்தநாகம் கரைஞ்சு, செம்பு மேல வந்து, பித்தளை இளஞ்சிவப்பாத் தெரியும். ஈயம் பூசின பாத்திரத்தோட உள்பக்கம் வேண்டவே வேண்டாம்.