யாருமே போகாத காட்டைக் காப்பாற்றி என்ன பயன்?

கேள்வி: சாலைகூட இல்லாத காட்டை அப்படியே விட்டுவைப்பதால் நமக்கு என்ன கிடைக்கிறது? கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

பதில் 1: குடிநீர். பெரிய வடிகட்டும் ஆலை கட்டுவதற்குப் பதிலாக, கேட்ஸ்கில் மலைகளின் நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்க 1997-ல் நியூயார்க் நகரம் ஒப்பந்தம் போட்டது. அந்தத் தண்ணீர் இன்றும் கிருமிநீக்கம் செய்யப்பட்டு, வடிகட்டாமலே குழாய்க்கு வருகிறது.

பதில் 2: கொரோனாவைக் கண்டறியும் பிசிஆர் பரிசோதனை செய்திருப்பீர்களே? அதற்கு உதவும் நொதி, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கிடைத்த பாக்டீரியாவிலிருந்து வந்தது. 1872-ல் அந்த இடத்தைத் தேசியப் பூங்கா ஆக்கியவர்கள் இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்!

பதில் 3: எனக்கு இந்தக் கணக்கெல்லாம் அப்புறம்தான். காட்டுக்குள் நடக்கும்போது யாரும் என்னிடம் எதையும் விற்க வருவதில்லை. அது ஒன்றே போதும்.

கேட்டவர்: சரி, தண்ணீர் புரிகிறது. தண்ணீரும் மருத்துவப் பயனும் தராத காடு என்றால்?

பதில் 3: அங்கே வாழும் விலங்குகளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.