ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நீச்சல் குளப் படங்கள் பார்ப்பது தப்பா?

ராக்கோழி:
அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து 11 நாளாகிறது, எனக்கு வராந்தா பெஞ்சுதான் படுக்கை. ராத்திரி நர்ஸ் டிரிப்ஸ் மாற்றிவிட்டுப் போனதும் போனை எடுத்து, பணக்காரர்களின் சொகுசு வாழ்க்கையைப் படம் பிடித்த அமெரிக்க போட்டோகிராபர் ஸ்லிம் ஆரன்ஸின் பழைய படங்களைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன். அதிலும் 1970இல் கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் எடுத்த 'பூல்சைட் காசிப்' (குளத்தோர அரட்டை) படம், மஞ்சள் உடுப்பில் ஒரு பெண், பக்கத்தில் நீலக் குளம், பின்னால் மலை. எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. போன வாரம் சிநேகிதி டூர் போட்டோ போட்டாள், பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. முன்பின் தெரியாத இந்தப் பணக்காரர்கள்மேல் மட்டும் ஏன் வரவில்லை? நேற்று பக்கத்து பெஞ்ச் அம்மா எட்டிப் பார்த்தார், திருடியவள் போல போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

பழைய கேமரா:
அப்பா சீக்கிரம் வீடு திரும்பட்டும். ஆரன்ஸும் ரத்தம் பார்த்தவர்தான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் 'யாங்க்' பத்திரிகைக்குப் படம் எடுத்தார், காயம்பட்டு பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் வாங்கினார். இனிமேல் கரையிறங்கினால் அழகான பெண்கள் வெயில் காயும் கரையில்தான் என்கிற மாதிரி அவர் சொன்னது ரொம்பப் பிரபலம்.

அப்புறம் அந்தப் படத்தையே பாருங்கள், சாய்வு நாற்காலியில் இருக்கும் இருவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நம்மைக் கண்டுகொள்வதே இல்லை. முகங்கள் சின்னதாக இருப்பதால் கண் குளம், வீடு, மலை என்று தன் பாட்டுக்குச் சுற்றுகிறது. சிநேகிதி போட்டோ அப்படியா? லைக் போட வேண்டும், 'சூப்பர்' என்று எழுத வேண்டும், போடாவிட்டால் ஒரு மனத்தாங்கல்.

முரட்டுக்காளை:
ரொம்ப உருகாதீர்கள். படத்தில் இருப்பது டிபார்ட்மென்ட் ஸ்டோர் முதலாளி காஃப்மனுக்காக ரிச்சர்ட் நியூட்ரா வடிவமைத்து 1946இல் கட்டிய வீடு. அருவிமேல் கட்டிய பிரபலமான ஃபாலிங்வாட்டர் வீடும் அதே காஃப்மன் குடும்பத்துக்காகக் கட்டியதுதான். குளத்துத் தண்ணீர் அப்படிப் பளபளக்கிறதே, அதைச் சுத்தம் பண்ணியவர் எங்கே? இந்த மாதிரிப் படம் எதைப் பார்த்தாலும் துண்டு மடித்து வைக்கும் கையைத்தான் நான் தேடுவேன். படம் எடுத்த வருஷம் வியட்நாமில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

சரி, வேலை போய் வீட்டில் கிடந்தபோது நானும் பிரெஞ்சு போட்டோகிராபர் லார்டிக் ரிவியேரா கடற்கரையில் எடுத்த சொகுசுப் படங்களைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்லிவிட்டேன்.

ராக்கோழி:
காளை அண்ணா, துண்டு மடிக்கும் கை இனிமேல் எனக்கும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், நன்றி!

இன்று அந்த அம்மாவே "என்னம்மா அது, காட்டேன்" என்றார். காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தவர், "இவ்வளவு வெயில் அடிக்குது, ஒருத்தர்கூடத் தண்ணிக்குள்ள இறங்கலையே" என்று குறைபட்டுக்கொண்டார். அப்புறம், "வேற இருக்கா?" என்றார்.