போதை மீட்பு மையத்தில் பொறுப்பில் இருந்தவர் யார்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நிலாமுற்றம்:
என் அண்ணனை இரண்டு மையங்களில் சேர்த்தோம். முதல் மையத்தை நடத்தியவர் ஒரு காலத்தில் குடித்து மீண்டவர். தங்கமான மனசு. யாரிடமும் வாய் திறக்காத அண்ணன், சேர்ந்த அன்றே அவரிடம் அழுதார். ஆனால் மருத்துவர் அங்கே வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார் என்பது எங்களுக்குத் தெரியாது. மறுநாள் இரவு வலிப்பு வந்துவிட்டது. வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம் என்பதே அவரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இரண்டாவது மையத்தின் தலைவர் மனநல மருத்துவர். ஆனால் என் மனதில் நிற்பவர் வார்டு பொறுப்பில் இருந்த செவிலியர் அம்மாதான். பெயரைக்கூடக் கேட்கவில்லை, "கடைசியா எப்ப குடிச்சீங்க? மணி சொல்லுங்க" என்றார். இரண்டு கையையும் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லி, நடுக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளங்கை வியர்வையைத் தொட்டுப் பார்த்தார். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் ஊசி போட்டார். குடிப்பவர்கள் உடம்பில் அந்த பி1 சத்து வற்றிப் போயிருக்கும், அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கு ஆபத்து என்றார். நடுக்கம் கூடினால் அதை அடக்கும் டயஸிபாம் மருந்து எவ்வளவு தர வேண்டும் என்று மருத்துவர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததால், ராத்திரியில் யாரையும் தேடி ஓட வேண்டியிருக்கவில்லை.

ஓய்ந்தமழை:
எங்களுக்கு நேர்மாறாக நடந்தது. என் கணவருக்கு அபின் வகை மாத்திரைப் பழக்கம். பெரிய படிப்பு படித்த மருத்துவர்தான் தலைவர். பத்து நாளில் உடம்பு தேறியது, அனுப்பிவிட்டார்கள். இடைவெளி விட்டால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும், பழைய அளவே உயிரை எடுத்துவிடும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒரே வாரத்தில் மூச்சு நின்று போகும் நிலைக்குப் போய்ப் பிழைத்தார். அப்புறம் நாங்கள் போன இடத்தை நடத்தியவர் மனநல சமூகப் பணியாளர். அபின் ஏக்கத்தை அடக்கும் புப்ரினார்ஃபின் மருந்தை எழுதித் தர மருத்துவர் தனியாக இருந்தார். சமூகப் பணியாளரோ கணவரின் சம்பளம் யார் கையில் வருகிறது, எந்த நேரத்தில் தனியாக இருப்பார் என்று வீட்டுக் கதையையே கேட்டார். எங்களைக் காப்பாற்றியது அந்தக் கேள்விகள்தான்.

கரைசேர்ந்தவன்:
நான் குடியிலிருந்து மீண்டு, இப்போது ஆலோசகராக இருக்கிறேன். குடியை விட விரும்புபவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பை 1935இல் தொடங்கிய இருவரில் ஒருவர் பங்குத் தரகர், இன்னொருவர் அறுவை மருத்துவர். இரண்டு பேருமே குடியில் விழுந்து எழுந்தவர்கள். 1950களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நெல்சன் பிராட்லி என்ற மருத்துவரும் டான் ஆண்டர்சன் என்ற உளவியலாளரும் மீண்டவர்களையே சம்பளம் கொடுத்து ஆலோசகர்களாக வைத்தார்கள். என் வேலைக்கு வேர் அங்கே இருக்கிறது, அதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் நான் மீண்ட வழிதான் எல்லோருக்கும் வழி என்று நம்பியிருந்தேன். குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் "மனசு உறுதியா இருந்தா மாத்திரை எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் நிறுத்திவிட்டார், மறுபடி குடிக்கத் தொடங்கிவிட்டார். அது இன்னும் உறுத்துகிறது. எங்கள் உளவியலாளர் என்னைத் திட்டவில்லை. நான் நடத்திய ஓர் அமர்வின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். பெரும்பாலும் நானே பேசியிருந்தேன். சரி, முதலிலிருந்து கற்றுக்கொள்வோம் என்று உட்கார்ந்தேன். அறிவுரை சொல்லாமல், கேள்வி கேட்டு அவர்களையே மாறும் காரணத்தைச் சொல்ல வைக்கும் ஊக்க நேர்காணல் முறையை, உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதியதை, அவர்தான் சொல்லிக் கொடுத்தார். இப்போது கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன்.

நிலாமுற்றம், அந்த முதல் மையத்துக்காரர் மேல் இன்னும் கோபம் இருக்கிறதா?

நிலாமுற்றம்:
இல்லை. அன்று ராத்திரி ஆம்புலன்ஸில் அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். போன மாதம் போனில் பேசினேன். இரவு நேரத்துக்கென்று ஒரு செவிலியரை வைத்துவிட்டாராம்.